புதிய இசையும் இசைநடத்துநரும்

முன்னுரை

'நடத்துநர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருபவர், தோளில் தோல்பையும் கையில் பயணச்சீட்டும் வாயில் ஊதலுமாக ஓசூர் – கிருஷ்ணகிரிப் பேருந்தில் நம்மை ஏற்றி இறக்குபவரே ஆவார். அவர் வண்டியை ஓட்டுவதில்லை. ஆயினும் அவர் ஊதாமல் வண்டி புறப்படுவதுமில்லை, நிற்பதுமில்லை. மேனாட்டு இசையரங்குகளிலும் இத்தகைய ஒருவர் உண்டு. ஏறத்தாழ நூறு இசைஞர்கள் தத்தம் கருவிகளோடு அமர்ந்திருக்க, அவர்கள்முன் ஒரு சிறு மேடையில் நின்று, எந்தக் கருவியையும் தொடாமல், கையிலுள்ள ஒரு மெல்லிய கோலை மட்டும் அசைப்பவர் அவர். ஆங்கிலத்தில் இருவருக்கும் பெயர் ஒன்றே: கண்டக்டர். இக்கட்டுரையில் அவரை 'இசைநடத்துநர்' என்று அழைப்போம்.

இசைநடத்துநர்களில் இரு வகையினர் உண்டு. பீத்தோவன், மொசார்ட், பிராம்ஸ் முதலிய பழம்பெரும் மேதைகளின் படைப்புகளை மீண்டும் மீண்டும் அரங்கேற்றிப் புகழ் பெறுவோர் ஒரு வகை. தம் காலத்தில் வாழும் இசையமைப்பாளர்களின் புத்தம் புதிய படைப்புகளை, முன்பின் கேட்டறியாத மக்கள்முன் கொண்டுவந்து நிறுத்துவோர் மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையினரின் பணி எத்தகையது, அதில் நம் நாட்டவர் ஒருவர்க்கும் உள்ள பங்கு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'எங்கோ ஐரோப்பாவில் வழங்கும் இசைக்கும் எல்லையோரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் நமக்கும் என்ன தொடர்பு?' என்று நண்பர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. ஓசூரில் உருவாகும் டைட்டன் கைக்கடிகாரத்தின் விளம்பர இசையை முணுமுணுக்காதவர் நம்மில் யார்? மொசார்ட் தம் 17ஆம் வயதில், 1773ஆம் ஆண்டில் எழுதிய 25ஆம் சிம்பொனியின் தொடக்கப் பகுதியே அது. இன்னொரு தொடர்பு இதனினும் நெருக்கமானது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்த மூதறிஞர் இராஜாஜி, உலக அமைதி வேண்டி ஆங்கிலத்தில் ஒரு பாடல் எழுதினார். 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையில் இசையரசி எம். எஸ். சுப்புலட்சுமி அதனைப் பாடினார். அப்பாடலுக்கு மேனாட்டு முறையில் இசையமைத்தவர், சென்னையில் பாடகர் குழுக்களை நடத்திப் பெயர் பெற்றிருந்த ஹேண்டல் மேனுவல். ஆகவே, நம் ஊர்ப் பிள்ளையின் சொற்களை உலக மன்றத்துக்கு ஏற்றிவிட்டதில் ஓர் இசைநடத்துநரின் கைவண்ணமும் இருக்கிறது.

இசைநடத்துநர் செய்வது யாது?

நம் கருநாடக இசைக் கச்சேரியில் இப்படி ஒருவர் இல்லை. பாடகர் தம் தொடையில் தாளம் போடுகிறார்; மிருதங்கக்காரர் அதைப் பார்த்துக்கொள்கிறார்; முன்வரிசை இரசிகர்களும் உடன் போடுகின்றனர். மேடையில் நாலைந்து பேரே இருப்பதால் கண்ணசைவும் தலையசைவும் போதுமானவை. நூறு பேர் ஆகும்போது இது இயலாது. மேடையின் ஒரு கோடியில் இருக்கும் முரசுக்காரரின் ஒலி, மறுகோடியில் இருக்கும் வயலின்காரரின் காதை அடையச் சிறிது நேரம் ஆகிறது. காதை நம்பி வாசித்தால் இசை குழம்பும். ஆகையால் அனைவரும் கண்ணால் காணத்தக்க ஒரு தாளம் தேவைப்படுகிறது. அதுவே கோலின் அசைவு.

தட்டும் வீச்சும் விரலெண்ணிக்கையும் நம் தாளத்தின் உறுப்புகள். அவர்கள் முறையில் முதல் அடி மேலிருந்து கீழே இறங்கும். கடைசி அடி கீழிருந்து மேலே ஏறும். இடையடிகள் இடமும் வலமும் செல்லும். வலக்கை காலத்தைக் காட்ட, இடக்கை 'இப்போது நீ தொடங்கு', 'நீ சற்று அடங்கு', 'இந்த ஒலி இன்னும் வளரட்டும்' என்று பேசுகிறது. நம் தாளத்தில் கை தட்டும்போதே ஒலி பிறக்கிறது. இசைநடத்துநரின் கையோ ஒலிக்கு முன்னே செல்ல வேண்டும். வரப்போகும் ஒலியின் வேகம், அளவு, தன்மை ஆகிய மூன்றையும் அது பிறப்பதற்கு ஒரு நொடி முன்பே அவர் கை சொல்லியாக வேண்டும்.

ஆனால் மக்கள் காணும் இந்தக் கையசைவு அவருடைய உழைப்பில் ஒரு சிறு பகுதியே. பெரும்பகுதி தனியறையில் நடைபெறுகிறது. முழு இசைக்குறிப்பு ஏட்டின் ஒரு பக்கத்தில் இருபது, முப்பது வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். குழல், எக்காளம், முரசு, வயலின் என ஒவ்வொரு கருவிக்கும் தனி வரி. அத்தனை வரிகளையும் ஒரே பார்வையில் படித்து, ஓர் ஒலியும் எழாத அறையில், எல்லாம் சேர்ந்து எப்படி ஒலிக்கும் என்பதை மனக்காதால் கேட்க வேண்டும். சில கருவிகளுக்கு எழுதப்படும் சுரம் ஒன்று, ஒலிக்கும் சுரம் வேறொன்று. அதையும் மனத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

புதிய படைப்பின் இடர்ப்பாடு

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை ஒருவர் தவறாக நடத்தினால் என்ன நேரும்? கேட்போர்க்கு அது ஏற்கெனவே தெரியும். 'நடத்தியவர் சரியில்லை' என்று சொல்லிவிட்டு வீடு திரும்புவர். பீத்தோவனுக்கு எக்குறையும் வாராது. புதிய படைப்பு ஒன்று தவறாக நடத்தப்பட்டாலோ, கேட்போர்க்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்றும் இல்லாமையால், 'எழுதியவர் சரியில்லை' என்றே முடிவு செய்வர். வாசித்தவர் செய்த பிழைக்கு எழுதியவர் தண்டனை பெறுகிறார். பல ஆண்டு உழைப்பில் பிறந்த ஏடு ஒரே மாலையில் அலமாரிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். எனவே, புதிய இசையை எடுத்து நடத்துபவரின் கையில் இன்னொருவருடைய வாழ்வும் இருக்கிறது. இதுவே இப்பணியின் கடுமையும் பெருமையும் ஆகும்.

மேலும், பழைய படைப்பை இசைஞர்கள் இளமை முதலே பயின்றிருப்பர். புதியதில் ஒவ்வொரு வரியும் அவர்களுக்குப் புதிது. ஒத்திகை நேரமோ மிகக் குறைவு. நூறு பேருக்கு ஊதியம் கொடுத்து நடத்தும் ஒத்திகையை விரும்பிய மட்டும் நீட்டிக்க எந்தக் குழுவாலும் முடியாது. படியெடுத்த தாள்களில் எழுத்துப் பிழைகளும் மலிந்திருக்கும். எழுந்த ஒலி இசையமைப்பாளர் விரும்பிய முரண் ஒலியா, படியெடுத்தவரின் பிழையா என்று அந்த நொடியிலேயே பிரித்தறியும் செவி இசைநடத்துநர்க்கு வேண்டும்.

வரலாற்றுச் சான்றுகள்

பண்டை நாளில் தாளத்தை நீண்ட கோலால் தரையில் தட்டிக் காட்டும் வழக்கமும் இருந்தது. பிரெஞ்சு அரசவை இசைவாணர் லூலி 1687இல் அவ்வாறு தட்டும்போது கோல் காலில் பட்டுப் புண்ணாகி, அப்புண் அழுகியே உயிர் நீத்தார். கைக்கடக்கமான சிறு கோல் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அதனைக் கையாண்டு இசைநடத்துதலைத் தனிக்கலையாக வளர்த்தவர்களுள் மெண்டல்சன் குறிப்பிடத்தக்கவர். அவரே 1829இல், மறக்கப்பட்டுக் கிடந்த பாக்கின் பெரும் படைப்பொன்றைப் பெர்லினில் மீண்டும் ஒலிக்கச் செய்தார். அதன்பின் பழையவற்றைப் போற்றும் வழக்கம் வேரூன்றியது. நாளடைவில் பழையவை மேடையை நிறைத்துவிட, புதியவை வாயிலில் காத்து நிற்கும் நிலை தோன்றியது.

புதியதற்கு எழுந்த எதிர்ப்புக்கு எடுத்துக்காட்டாக எல்லாரும் சுட்டுவது 1913 மே 29ஆம் நாள் பாரிஸ் நகரில் நடந்த நிகழ்ச்சியாகும். ரஷ்ய நாட்டு இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' என்னும் நாட்டிய இசை அன்று அரங்கேறியது. அடிக்கு அடி மாறும் தாளமும், முரண்பட்டு மோதும் ஒலிகளும், மேடையில் கண்ட புதுமையான ஆட்டமும் சேர்ந்து மக்களைக் கொதிப்படையச் செய்தன. கூச்சலும் சீழ்க்கையும் அரங்கை நிறைத்தன. இசைநடத்துநர் பியேர் மோன்ட்டூ திரும்பிப் பாராமல், கோலைத் தாழ்த்தாமல், இறுதிவரை நடத்தி முடித்தார். மறு ஆண்டு ஏப்ரலில் அதே நகரில், அதே மோன்ட்டூ, அதே இசையை, ஆட்டமின்றிக் கச்சேரியாக நடத்தியபோது மக்கள் ஆரவாரத்தோடு வரவேற்றனர்; ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிச் சென்றனர். படைப்பில் மாற்றம் ஏதும் இல்லை. முதல் நாள் நடுவிலே நிறுத்தியிருந்தால் அந்த இரண்டாம் நாள் வந்திருக்குமா என்பதே நாம் எண்ண வேண்டியது.

பியேர் பூலேஸ்

புதிய இசைக்கென்றே வாழ்ந்த இசைநடத்துநர் என்று ஒருவரைச் சுட்டுவதானால், பிரான்சு நாட்டுப் பியேர் பூலேஸையே (1925–2016) முதலில் சுட்ட வேண்டும். அவர் அடிப்படையில் ஓர் இசையமைப்பாளர். புதிய படைப்புகளைச் செம்மையாக வாசிப்பார் இல்லையே என்ற குறையே அவரை நடத்தும் பணிக்கு இழுத்து வந்தது. இளமையில் பாரிஸில் ஒரு நாடகக் குழுவுக்கு இசைப் பொறுப்பாளராக இருந்தார். 1954இல் அந்நாடகக் குழுவினரின் துணையோடு புத்திசைக்கென ஒரு கச்சேரித் தொடரைத் தொடங்கினார். அன்றைய ஐரோப்பாவில் எழுதப்பட்ட பல படைப்புகள் அங்கே முதற்குரல் எழுப்பின.

கோல் இன்றி வெறுங்கையாலேயே நடத்துவது அவர் வழக்கம். ஆடம்பர அசைவு எதுவும் இராது. ஒவ்வொரு விரலும் கணக்காக அசையும். நூறு கருவிகள் ஒலிக்கும்போதும் ஒரு கருவி பிசகினால் கண்டுபிடிக்கும் செவி அவருடையது எனப் புகழப்பட்டார். இலண்டன் பிபிசி சிம்பொனிக் குழுவுக்கு 1971 முதல் 1975 வரையிலும், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழுவுக்கு 1971 முதல் 1977 வரையிலும் தலைமை ஏற்றார். நியூயார்க்கில் பழையன விரும்பிய சந்தாதாரர் பலர் முகம் சுளித்தனர். அவர் அஞ்சவில்லை. 1973இல் அரங்கின் கீழ்த்தள நாற்காலிகளை அகற்றிவிட்டு, கம்பளம் விரித்து, மெத்தைத் திண்டுகளைப் போட்டு, இளைஞர்களைத் தரையில் அமர்த்திப் புதிய இசையைக் கேட்கச் செய்தார். திருவிழாக் கூத்துக்குப் பாயோடு சென்று விடிய விடிய அமரும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. நியூயார்க் நகருக்கோ அது பெரும் புதுமை.

ஆல்பன் பெர்க் என்னும் இசையமைப்பாளர் 1935இல் மறைந்தபோது 'லுலு' என்ற இசை நாடகத்தின் மூன்றாம் பகுதியை முற்றுப்பெறாமல் விட்டுச் சென்றார். பிறர் ஒருவர் குறிப்புகளைக் கொண்டு நிறைவு செய்த அந்த முழு நாடகத்தை 1979 பிப்ரவரியில் பாரிஸில் நடத்தியவர் பூலேஸ். ஓர் ஏடு ஒலியாக மாற 44 ஆண்டுகள் காத்திருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1976இல் அவர் நிறுவிய 31 இசைஞர் கொண்ட குழு, புதிய படைப்புகளை இசைப்பதையே தொழிலாகக் கொண்டு இன்றும் இயங்குகிறது. இத்தனைக்கும் அவர் கொடுத்த விலை உண்டு. பிறர் படைப்புகளுக்காகச் செலவிட்ட ஆண்டுகள், தம் சொந்தப் படைப்புக்குரிய காலத்தைக் குறைத்துவிட்டன.

பம்பாயிலிருந்து வியன்னாவுக்கு

பூலேஸ் விலகியபின் 1978இல் நியூயார்க் குழுவின் தலைமையை ஏற்றவர் ஓர் இந்தியர் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. அவரே சுபின் மேத்தா. 1936 ஏப்ரல் 29ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை மேலி மேத்தா பெரும்பாலும் தம் முயற்சியாலேயே வயலின் கற்று, 1935இல் பம்பாய் சிம்பொனிக் குழுவைத் தோற்றுவித்தவர். தந்தையார் நடத்திய ஒத்திகைகளே மைந்தனின் முதற் பள்ளிக்கூடம்.

ஆயினும் மகன் மருத்துவராக வேண்டும் என்று வீட்டார் விரும்பினர். நம் வீடுகளில் கேட்கும் அதே குரல்தான்! பம்பாய்க் கல்லூரியில் மருத்துவப் படிப்புக்கு முற்பட்ட வகுப்பில் சேர்ந்த மேத்தா, அதனை இடையில் விட்டு 1954இல், தம் 18ஆம் வயதில், வியன்னா நகருக்குச் சென்று ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்னும் பேராசிரியரிடம் மாணவரானார். நடத்துநராக வேண்டியவர் குழுவின் உள்ளிருந்தும் இசையை அறிய வேண்டும் என்பதற்கேற்ப, டபுள் பேஸ் என்னும் பெருங்கருவியை வாசித்தார். பாடகர் குழுவில் நின்று பாடவும் செய்தார். 1956இல் அங்கேரிப் புரட்சியை அடுத்து அகதிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்தபோது, மாணவர்களைச் சில நாட்களில் ஒன்றுதிரட்டி அகதி முகாமில் ஒரு கச்சேரி நடத்தினார். 1958இல் இங்கிலாந்தின் லிவர்ப்பூலில் நடந்த பன்னாட்டு இசைநடத்துநர் போட்டியில் முதற்பரிசு பெற்றார். அங்கேயே ஓராண்டு துணைநடத்துநராகப் பணியாற்றினார். தொடர்ந்து கனடாவின் மான்ட்ரியல் குழுவும், 1962இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் குழுவும் அவரைத் தலைவராக ஏற்றன. அப்போது அவர் வயது 26.

இசைநடத்துநரின் வாழ்க்கைப் படிகள் யாவை என்பது இவ்வரலாற்றால் விளங்கும்: ஒரு கருவியில் தேர்ச்சி, நல்லாசிரியரிடம் பயிற்சி, குழுவின் உள்ளே இருந்த அனுபவம், போட்டியில் வெற்றி, துணைநடத்துநர் பதவி, பின்னரே தலைமை. இதில் குறுக்கு வழி கிடையாது.

மேத்தாவும் புத்திசையும்

மேத்தாவைப் புத்திசைக்கு மட்டுமே உரியவர் என்று சொல்ல முடியாது. பிராம்ஸ், புரூக்னர், வாக்னர் முதலியோரின் படைப்புகளே அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தன. ஆயினும், பழமைக்காகத் தம்மைத் தேடி வந்த பெருங்கூட்டத்தின்முன் புதுமையையும் வைத்தவர் அவர் என்பது மறுக்கவியலாதது.

எட்கார் வரேஸ் என்பார் 1931இல் எழுதிய 'அயனைசேஷன்' என்ற படைப்பை, லாஸ் ஏஞ்சலிஸ் இசைஞர்களைக் கொண்டு 1970களின் தொடக்கத்தில் இசைத்தட்டாக வெளியிட்டார் மேத்தா. 13 பேர் முழுக்க முழுக்கத் தட்டிசைக் கருவிகளையே கொண்டு இசைக்கும் படைப்பு அது. நம் தாளவாத்தியக் கச்சேரியின் ஒன்றுவிட்ட உறவு என்று கொள்ளலாம். அதில் ஊதுசங்கும், அதாவது ஆலைகளில் ஊதுவது போன்ற சைரனும், ஓர் இசைக்கருவியாக இடம் பெறுகிறது. முறைமாற்ற நேரத்தில் சிப்காட் பக்கம் ஒலிக்கும் சங்கையும் லாரிகளின் இரைச்சலையும் நாள்தோறும் கேட்கும் நாம், 'ஓசை' எங்கே முடிந்து 'இசை' எங்கே தொடங்குகிறது என்ற வினாவை வரேஸைப் போல நம்மையே கேட்டுக்கொள்ளலாம். வரேஸைத் தம் ஆதர்சமாகக் கொண்ட ராக் இசைக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவின் படைப்பையும் 1970 மே மாதம் ஒரு பல்கலைக்கழகக் கூடைப்பந்து அரங்கில் மேத்தா நடத்தினார்.

நியூயார்க்கில் 1980இல் போலந்து நாட்டுப் பெண்டெரெட்ஸ்கியின் இரண்டாம் சிம்பொனியை உலகில் முதன்முறையாக நடத்தியவர் மேத்தாவே. நம் நாட்டுப் படைப்பாளிகளுக்கும் அம்மேடையில் இடம் தந்தார். 1981இல் பண்டிதர் ரவிசங்கரின் இரண்டாம் சித்தார் இசைக்கோவையான 'ராகமாலா' அவ்வாறு அரங்கேறியது. 1985இல் சென்னையில் பிறந்த வயலின் மேதை எல். சுப்பிரமணியம் வேத ஒலிகளை அடிப்படையாகக் கொண்டு இயற்றிய படைப்பு அங்கு அரங்கேறியது. கமகமும் அனுசுவரமும் எழுத்தில் அடங்காதவை. ஐரோப்பியக் குழுவோ எழுத்தைப் பார்த்தே வாசிப்பது. இவ்விரண்டுக்கும் பாலம் அமைக்க இருபுறமும் காது உள்ள ஒருவர் தேவைப்பட்டார் என்பது வெளிப்படை. 13 ஆண்டுகள் தலைமை வகித்து 1991இல் மேத்தா நியூயார்க்கிலிருந்து விலகினார். இஸ்ரேல் குழுவின் பொறுப்பிலிருந்து 2019இல் ஓய்வு பெற்றார். நம் அரசு 1966இல் பத்மபூஷணும், 2001இல் பத்மவிபூஷணும் அளித்து அவரைச் சிறப்பித்தது.

தேவகிரியில் தொடங்கிய பயணம்

இந்த வரலாற்றில் வியப்புக்குரிய ஒரு சங்கிலி இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் வாழ்ந்த சார்ங்கதேவர், தம் 'சங்கீத ரத்னாகரம்' என்னும் நூலில் 120 தேசி தாளங்களைத் தொகுத்தார். ஒலிவியே மெசியான் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், பாரிஸில் வெளிவந்த ஓர் இசைக் கலைக்களஞ்சியத்தில் அத்தாளங்களின் பட்டியலைக் கண்டு மயங்கினார். அவற்றை ஆழ்ந்து பயின்று தம் இசையில் கையாண்டார். 1949 டிசம்பரில் பாஸ்டன் நகரில் அரங்கேறிய அவருடைய பெருஞ்சிம்பொனியின் பெயரே 'துரங்கலீலா' என்னும் வடசொல்தான்.

மெசியானுக்கு மிகவும் விருப்பமானது, முன்னிருந்து எண்ணினாலும் பின்னிருந்து எண்ணினாலும் ஒன்றாகவே அமையும் தாளக்கோவை. 'விகடகவி' என்ற சொல்லையும், நம் யாப்பில் வரும் மாலைமாற்றையும் அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். அவர்கள் நாட்டிலோ இது ஒரு புதிய கண்டுபிடிப்பாகப் போற்றப்பட்டது.

அந்த மெசியானின் மாணவர் பியேர் பூலேஸ். பூலேஸ் அமர்ந்த நியூயார்க் இருக்கையில் அடுத்து அமர்ந்தவர் சுபின் மேத்தா. நியூயார்க் குழுவின் 150ஆம் ஆண்டு விழாவுக்கென மெசியான் தம் முதுமையில் 11 பகுதிகள் கொண்ட ஒரு பெரும்படைப்பை எழுதி முடித்தார். ஆனால் அதைக் காதால் கேட்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1992 ஏப்ரலில் அவர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள், விருந்தினராகத் திரும்பி வந்து அதனை முதன்முதல் ஒலிக்கச் செய்தவர் மேத்தா. எழுதியவர் இல்லை, ஐயம் கேட்டுத் தெளிய வழியில்லை, ஏடு மட்டுமே இருந்தது. அத்தகைய நேரத்தில் இசைநடத்துநரே படைப்பாளியின் குரலாகிறார். தேவகிரியில் தொடங்கி, பாரிஸ் வழியே சென்ற ஒரு தாளக் கல்வி, நியூயார்க்கில் ஓர் இந்தியரின் கையில் வந்து சேர்ந்தது என்று எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கிறது.

எவர் பணி சிறந்தது?

புதியதற்கே வாழ்ந்த பூலேஸ் சிறந்தவரா, பழையதோடு புதியதைக் கலந்து வைத்த மேத்தா சிறந்தவரா என்ற வினா எழலாம். கூர்ந்து நோக்கினால் இருவரும் ஒருவர்க்கொருவர் தேவைப்படுபவர் என்பது புலனாகும். கடினமான புதிய ஏட்டைப் பிழையின்றி வாசிக்கும் திறனை உண்டாக்குபவர் பூலேஸ் போன்ற தனித்துறை வல்லுநர். வல்லுநர் மட்டுமே இருந்தால் புதிய இசை ஒரு சிறு கூட்டத்தின் சொத்தாகச் சுருங்கிவிடும். பீத்தோவனைக் கேட்க வந்த ஆயிரக்கணக்கானோர் காதில், இடையே இருபது நிமிடம் புதியதையும் ஒலிக்கச் செய்பவர் மேத்தா போன்றவர். அவர் மட்டுமே இருந்தால் புதியது விருந்தில் ஊறுகாயாக நின்றுவிடும். வித்தை வளர ஒருவரும், அது பரவ மற்றொருவரும் வேண்டும்.

'எல்லாப் புதுமையும் நல்லதா?' என்று கேட்பாரும் உண்டு. இல்லை என்பதே நேர்மையான விடை. முதல் கச்சேரியோடு மறைந்துபோன புதிய படைப்புகள் எண்ணற்றவை. அவற்றுள் பல மறையத் தக்கவையே. ஆனால் எது நிற்கும், எது மறையும் என்பதைச் செம்மையாகக் கேட்ட பிறகே தீர்மானிக்க முடியும். பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை கேட்டவர்க்கு மட்டுமே உண்டு. அந்த உரிமையை மக்களுக்கு வழங்குபவர் இசைநடத்துநர்.

தமிழகத்தின் நிலை

2025 மார்ச் 8ஆம் நாள் இசைஞானி இளையராஜா தாம் எழுதிய 'வேலியன்ட்' என்னும் சிம்பொனியை இலண்டனில் அரங்கேற்றினார். பண்ணைப்புரத்தில் பிறந்த ஒருவரின் சிம்பொனி உலகத் தலைநகர் ஒன்றில் ஒலித்தது தமிழர் அனைவர்க்கும் பெருமை. அதனை வாசித்தது இராயல் ஃபில்ஹார்மோனிக் கச்சேரிக் குழு. நடத்தியவர் மிக்கெல் டாம்ஸ் என்னும் ஆங்கிலேயர். நம்மவர் எழுதினார், ஒலிக்கச் செய்யும் குழுவும் கையும் கடல் கடந்து கிடைத்தன. இதில் அயலார்மீது குறை ஏதும் இல்லை; அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். எனினும், எழுதுபவரைப் போற்றும் நாம், ஒலிக்கச் செய்பவரை உருவாக்க மறந்துவிட்டோம் என்ற உண்மையை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. மும்பையில் 2006இல் ஒரு சிம்பொனிக் குழு நிறுவப்பட்டது. சென்னையில் ஏ. ஆர். ரகுமான் 2008இல் ஓர் இசைப்பள்ளியைத் தொடங்கினார். இவை நல்ல தொடக்கங்கள்.

இசைக்கு மட்டுமன்றி இது எல்லாக் கலைக்கும் பொருந்தும். நம் மாவட்டத்துத் தெருக்கூத்தில் புதிய கதையை ஒருவர் எழுதினால், அதை எடுத்து ஆட ஒரு வாத்தியார் முன்வர வேண்டும். வரவில்லையெனில் பாரதக் கதையே மீண்டும் மீண்டும் ஆடப்படும். புதிய கதை பெட்டிக்குள் உறங்கும். கல்லூரி நாடகப் போட்டியிலும், கவியரங்கிலும், ஏன், இந்த ஆண்டு மலரிலும்கூட இதே நிலைதான்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இசைநடத்துநர் கோல் அசைக்கும் அலங்காரப் பொம்மை அல்லர் என்பதும், புதிய படைப்புக்கும் மக்களுக்கும் இடையே பொறுப்போடு நிற்பவர் என்பதும், அப்பணியில் இந்தியர் ஒருவர் உலகப் புகழ் எய்தினார் என்பதும் தெளிவாகும். மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி முத்தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குவோம். 'அயனைசேஷன்' ஏறத்தாழ ஆறு நிமிடமே ஓடும். அதனையும், 'துரங்கலீலா'வில் ஒரு பகுதியையும் ஒலிக்கச் செய்து, யாவரும் அமைதியாகக் கேட்போம். முடிந்ததும் உடனே கருத்துக் கூறாமல், இன்னொரு முறை கேட்போம். அதன்பின், பிடித்தவர் பிடித்தது என்று சொல்லட்டும். பிடிக்காதவர் அதற்கான காரணத்தைச் சொல்லட்டும். அன்று எழும் விவாதமே, புதியதைத் துணிந்து மேடையேற்றிய அந்தப் பெருமக்களுக்கு நாம் செலுத்தும் தக்க மரியாதையாக அமையும்.